கார்டில் வரும் பணம்: சிறு ஒப்பந்தக்காரர்களுக்கு ஒரு கணக்குப் பாடம்

மேட்டூர் அணையில் நாள்தோறும் ஒரு கணக்கு எழுதப்படுகிறது. நீர்மட்டம் எத்தனை அடி, நீர்வரத்து வினாடிக்கு எத்தனை கன அடி, வெளியேற்றம் எவ்வளவு, இருப்பு எத்தனை டி.எம்.சி. என்பனவே அக்கணக்கின் வரிகள். 1925ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று 1934ஆம் ஆண்டில் நிறைவெய்திய இவ்வணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. இத்துணைப் பெரிய நீர்த்தேக்கமும் வரவு, இருப்பு, செலவு என்னும் மூன்று சொற்களுக்குள் அடங்கிவிடுகிறது. அக்கணக்கைப் பாராமல் மதகைத் திறப்பார் எவரும் இலர்.

அணையின் அருகிலேயே வாழும் நம் சிறு ஒப்பந்தக்காரர்கள் தத்தம் தொழிலில் இம்மூன்று வரிகளை எழுதுகிறார்களா? கொளத்தூர், மேச்சேரி, நங்கவள்ளி வட்டாரங்களில் வீடு கட்டுவோர், மராமத்துச் செய்வோர், வர்ணம் பூசுவோர், மின்கம்பி இழுப்போர், குழாய் வேலை செய்வோர் என நான்கைந்து ஆட்களை வைத்துக்கொண்டு தொழில் நடத்துவோர் பலர். வேலையில் இவர்கள் வல்லவர்கள். ஆனால் பணம் எந்த வழியில் வருகிறது, அவ்வழியில் எவ்வளவு கசிகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போர் சிலரே. இவர்களிடம் வேலை கொடுப்போர் இப்பொழுது, "கார்டு வாங்கிக்கொள்வீர்களா?" என்று கேட்கத் தொடங்கியுள்ளனர். இதற்கு என்ன விடை சொல்வது என்பதே இப்பாடத்தின் பொருளாகும்.

பணம் வரும் வழிகள்

முன்பெல்லாம் ஒப்பந்தக்காரரின் வரவு ரொக்கமாகவே இருந்தது. இன்று நிலை வேறு. அனல் மின் நிலையத்திலும் தொழிற்சாலைகளிலும் பணியாற்றுவோரின் ஊதியம் வங்கியில் சேர்கிறது. ஓய்வு பெற்றோரின் ஓய்வூதியமும் அவ்வாறே. அரசின் வீட்டு வசதி உதவியும் பயனாளியின் வங்கிக் கணக்கிற்கே போகிறது. 2024ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் ஒரு வீட்டிற்கு 3,50,000 ரூபாய் தவணை தவணையாக வழங்க வகை செய்யப்பட்டது. இவ்வாறு வங்கியில் இருக்கும் பணத்தை வீட்டுக்காரர் ரொக்கமாக எடுத்து வந்து தருவதும், அதை ஒப்பந்தக்காரர் சிமெண்டுக் கடையில் எண்ணிக் கொடுப்பதும் வீண் அலைச்சலே.

வங்கியிலிருந்து வங்கிக்குப் பணம் வருவதற்கு இன்று நான்கு வழிகள் உள. முதலாவது, கைபேசி வழியாகச் செலுத்தும் யுபிஐ. இது 2016ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. இரண்டாவது, நெப்ட், ஆர்.டி.ஜி.எஸ். எனப்படும் வங்கி மாற்று முறைகள். மூன்றாவது, நாம் ஏ.டி.எம். கார்டு என்று அழைக்கும் டெபிட் கார்டு. நான்காவது, கிரெடிட் கார்டு. முதல் மூன்றிலும் செலுத்துவோர் தம் கணக்கில் உள்ள பணத்தைத் தருகிறார். நான்காவதில் மட்டும் வங்கியிடம் கடன் பெற்றுத் தருகிறார். இந்த வேறுபாட்டை நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். கட்டணமும் தொல்லையும் பெரும்பாலும் இங்கிருந்தே பிறக்கின்றன.

கார்டைத் தேய்க்கும்போது நிகழ்வது என்ன?

கிரெடிட் கார்டு என்பது புதிய பொருளன்று. 1950ஆம் ஆண்டில் நியூயார்க்கில் டைனர்ஸ் கிளப் என்னும் நிறுவனம் தோன்றியது. நம் நாட்டில் 1980ஆம் ஆண்டில் சென்ட்ரல் பாங்க் ஆப் இந்தியா தன் கிரெடிட் கார்டை வெளியிட்டது. நம் நாட்டிற்கே உரிய ரூபே கார்டு 2012ஆம் ஆண்டில் வந்தது.

வீட்டுக்காரர் கார்டை இயந்திரத்தில் செருகி இரகசிய எண்ணை அழுத்துகிறார். உடனே நம் வங்கி, விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற இணைப்பு நிறுவனத்தின் வாயிலாக, அவருடைய வங்கியைக் கேட்கிறது. அவ்வங்கி இசைவு தந்ததும் இரசீது வருகிறது. ஆனால் பணம் அந்தக் கணத்திலேயே நம் கணக்கிற்கு வந்துவிடுவதில்லை. பொதுவாக அடுத்த வங்கி வேலை நாளில் வருகிறது. அப்படி வரும்போது ஒரு தொகை கழிக்கப்பட்டே வருகிறது. அதை வங்கியார் எம்.டி.ஆர். என்பர், நாம் இங்கு வணிகர் கட்டணம் என்போம். இக்கட்டணத்தின் பெரும்பகுதி கார்டு கொடுத்த வங்கிக்கும், எஞ்சியது இணைப்பு நிறுவனத்திற்கும் இயந்திரம் வைத்துள்ள வங்கிக்கும் போகிறது.

இக்கட்டணத்தைத் தருபவர் வீட்டுக்காரர் அல்லர், ஒப்பந்தக்காரரே. கால்வாயில் நீர் ஓடுகையில் சிறிது கசிவதைப் போன்றது இது. கசிவே கூடாது என்பது நம் கருத்தன்று. கசிவு எவ்வளவு என்று அறிந்திருக்க வேண்டும் என்பதே.

கட்டணம் எவ்வளவு?

50,000 ரூபாய்க்கு ஒரு மராமத்து வேலை முடிந்ததாகக் கொள்வோம். ஒவ்வொரு வழியிலும் கசிவு எவ்வளவு?

1. யுபிஐ வழியாகவோ ரூபே டெபிட் கார்டு வழியாகவோ வந்தால் வணிகர் கட்டணம் இல்லை. 2020 ஜனவரி 1 முதல் இந்த விதி நடைமுறையில் இருந்து வருகிறது. 50,000 ரூபாயும் முழுமையாக வரும். யுபிஐயில் பொதுவாக ஒரு நாளைக்கு ஒரு லட்சம் ரூபாய் என்ற வரம்பு உண்டு.

2. பிற டெபிட் கார்டுகளுக்கு ரிசர்வ் வங்கி உச்ச வரம்பு விதித்துள்ளது. 2018 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த அவ்விதிப்படி, முந்திய நிதியாண்டில் 20 லட்சம் ரூபாய் வரை வியாபாரம் செய்த சிறு வணிகருக்கு இயந்திரத்தின் வழி வரும் தொகையில் 0.40 சதவிகிதமும், அதற்கு மேற்பட்டவருக்கு 0.90 சதவிகிதமும் உச்ச அளவாகும். சிறு வணிகருக்கு ஒரு முறைக்கு 200 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. மற்றவருக்கு 1,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. நம் எடுத்துக்காட்டில் சிறு வணிகருக்குக் கட்டணம் 200 ரூபாய். அதன்மேல் 18 சதவிகித ஜி.எஸ்.டி. 36 ரூபாய்; ஆக 236 ரூபாய்.

3. கிரெடிட் கார்டிற்கு இத்தகைய உச்ச வரம்பு இல்லை. வங்கிக்கும் வணிகருக்கும் இடையே பேசி முடிவு செய்வதே கட்டணம். இரண்டு சதவிகிதம் என்று கொண்டால் 1,000 ரூபாய், ஜி.எஸ்.டி. 180 ரூபாய், ஆக 1,180 ரூபாய்.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயோடு இணைத்துக்கொள்ளும் வசதி 2022ஆம் ஆண்டில் வந்தது. வீட்டுக்காரர் நம் கியூஆர் அட்டையைக் கைபேசியால் படம் பிடித்தாலும், பணம் கிரெடிட் கார்டிலிருந்து வரக்கூடும். அப்போது 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்குக் கட்டணம் உண்டு. யுபிஐ என்ற ஒரு சொல்லைக் கேட்டதும் கட்டணமே இல்லை என்று எண்ணிவிடலாகாது.

1,180 ரூபாய் சிறு தொகைபோலத் தோன்றும். ஆனால் அதை 50,000 ரூபாயோடு ஒப்பிடுவது தவறு. அந்த வேலையில் பொருளுக்கும் கூலிக்கும் போக ஒப்பந்தக்காரருக்கு நிற்பது பத்து சதவிகிதம், அதாவது 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் போவது அந்த 5,000 ரூபாயிலிருந்துதான். இலாபத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு கரைந்துவிடுகிறது. இயந்திரத்திற்கு மாத வாடகை இருப்பின் அதையும் இதனோடு கூட்ட வேண்டும்.

கட்டணமா, வட்டியா?

அப்படியாயின் கிரெடிட் கார்டே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? அவசரப்பட வேண்டாம். வேறொரு கசிவும் நம் தொழிலில் உண்டு. அது வேலை முடிந்த பின் நிற்கும் பாக்கி.

"அடுத்த மாதம் தருகிறேன்" என்று வீட்டுக்காரர் சொல்கிறார். சிமெண்டு, கம்பி வாங்கிய கடன் நிற்கிறது. ஆட்களுக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். ஒப்பந்தக்காரர் வெளியில் கடன் வாங்குகிறார். நம் பக்கத்தில் மூன்று வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். 50,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி 1,500 ரூபாய். இரண்டு மாதத்திற்கு 3,000 ரூபாய். இவ்வட்டி எந்தப் பில்லிலும் காணப்படுவதில்லை. ஆகையால் இதை இழப்பு என்றே பலர் உணர்வதில்லை. கார்டுக் கட்டணம் கண்ணுக்குத் தெரிவதால் அதற்கு மட்டும் அஞ்சுகின்றனர்.

இவ்விரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்ப்போம். கார்டுக் கட்டணம் 1,180 ரூபாய். மூன்று வட்டியில் நாளொன்றுக்கு வட்டி 50 ரூபாய். ஆகவே ஏறக்குறைய 24 நாள் பாக்கி நின்றால் வட்டியும் கட்டணமும் சமமாகின்றன. வீட்டுக்காரர் ஒரு வாரத்தில் யுபிஐ வழியாகத் தருவார் என்றால், ஒரு வார வட்டி 350 ரூபாயே, காத்திருப்பது நன்று. இரண்டு மாதம் இழுப்பார் என்று தெரிந்தால், இன்றே கார்டில் வாங்கிக்கொள்வது நன்று. இரண்டு வட்டியில் கடன் வாங்குபவருக்கு இந்த எல்லை 35 நாளாகும். வங்கியில் ஆண்டிற்கு 12 சதவிகித வட்டியில் கடன் பெறக் கூடியவருக்கோ ஏறக்குறைய 71 நாளாகும்.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. கிரெடிட் கார்டு நமக்கு மலிவா, விலை மிகுந்ததா என்பதைக் கார்டு மட்டும் தீர்மானிப்பதில்லை. நாம் எந்த வட்டியில் கடன் வாங்குகிறோம் என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. வட்டி உயர்ந்திருப்பவருக்குக் கார்டு துணையாகும். மலிவான கடன் கிடைப்பவருக்கு அதன் தேவை குறையும்.

வீட்டுக்காரரின் நலனையும் நாம் மறக்கலாகாது. கிரெடிட் கார்டுத் தொகையைக் கெடுவிற்குள் முழுவதும் செலுத்தினால் அவருக்கு வட்டி இல்லை. செலுத்தத் தவறினால் பல கார்டுகளில் மாதத்திற்கு மூன்று சதவிகிதத்திற்கு மேலும் வட்டி ஏறுகிறது. நம் பாக்கி தீர்ந்தது என்று மகிழும்போது, அண்டை வீட்டார் கடனில் சிக்குவது ஊருக்கு நன்மையன்று. திருப்பிக் கட்டும் வழி உள்ளதா என்று ஒரு சொல் கேட்பது பண்பாகும்.

சனிக்கிழமைக் கூலி

கட்டட வேலையில் சனிக்கிழமை மாலை கூலி கொடுப்பது வழக்கம். கொத்தனாரும் சித்தாளும் அன்று மாலைச் செலவை அப்பணத்தை நம்பியே வைத்திருப்பர். சனிக்கிழமை நண்பகலில் வீட்டுக்காரர் கார்டைத் தேய்த்தால் இரசீது கையில் இருக்கும், பணம் இராது. ஞாயிறு கடந்து வரக்கூடும். இடையில் விடுமுறை வந்தால் இன்னும் தள்ளும். இரசீதைக் காட்டிக் கூலி கொடுக்க இயலாது. அன்று மாலையே அவசரக் கடன் வாங்க நேர்ந்தால் கட்டணமும் வட்டியும் ஆகிய இரண்டு கசிவும் ஒருங்கே ஏற்படும்.

ஆகவே கார்டில் வர வேண்டிய தொகையை வியாழக்கிழமைக்குள் பெற்றுக்கொள்க. சனிக்கிழமை பெறுவதாயின் நம் வங்கிக் கணக்கிற்கே நேரடியாகச் சேரும் யுபிஐ முறையில் பெறுக. சில நிறுவனங்களின் கியூஆர் அட்டையில் வரும் பணம் மறுநாளே கணக்கில் சேர்கிறது. நம்முடையது எவ்வகை என்று அட்டை வாங்கும்போதே கேட்டறிந்துகொள்ள வேண்டும்.

தொடங்குமுன் கேட்க வேண்டியவை

இயந்திரம் வைக்க விரும்புவோர் தொழிலுக்கெனத் தனி வங்கிக் கணக்கு ஒன்றைத் தொடங்குதல் முதற்படி. வீட்டுச் செலவும் தொழில் வரவும் ஒரே கணக்கில் கலந்தால் இரண்டுமே தெளிவாகா. பிறகு வங்கியாரிடம் ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும். மாத வாடகை எவ்வளவு? மாதந்தோறும் குறைந்த அளவு இத்தனை ரூபாய்க்குத் தேய்க்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டா? ஒவ்வொரு வகைக் கார்டிற்கும் கட்டணம் எவ்வளவு? பணம் எத்தனை நாளில் வரும்? இடையில் இயந்திரத்தைத் திருப்பிக் கொடுத்தால் செலவு உண்டா? இவற்றிற்கான விடைகளை எழுத்தில் பெறுக. மாதம் ஒருவரே கார்டு நீட்டும் தொழிலுக்கு வாடகை இயந்திரம் தேவையில்லை. கைபேசிக்கு இணைப்பு அனுப்பி அதன் வழியாகப் பணம் பெறும் முறையும் உண்டு. அதற்கும் கட்டணம் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

செய்யத் தகாதவை

"கார்டு என்றால் இரண்டு சதவிகிதம் சேர்த்துத் தாருங்கள்" என்று கேட்பது பலரிடம் காணப்படும் வழக்கம். டெபிட் கார்டிற்கு இவ்வாறு கேட்கலாகாது என்று ரிசர்வ் வங்கி விதித்துள்ளது. கிரெடிட் கார்டிற்கும் வங்கியோடு நாம் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தைப் படித்தறிந்தே நடக்க வேண்டும். எஸ்டிமேட் எழுதும்போதே எந்தத் தவணையை எந்த வழியில் தருவது என்று பேசி எழுதிக்கொள்வதே நேர்மையான முறை. பெருந்தொகையை வங்கி மாற்று முறையிலும், இறுதிப் பாக்கியை மட்டும் கார்டிலும் பெற உடன்பட்டால் கசிவு மிகவும் குறையும்.

வேலை எதுவும் செய்யாமல் கார்டைத் தேய்த்து ரொக்கம் கொடுத்து உதவுமாறு சிலர் கேட்பர். நண்பராயினும் மறுத்துவிட வேண்டும். இயந்திரம் பறிபோவதோடு வழக்கிலும் சிக்க நேரிடும். வாடிக்கையாளரின் கார்டு எண்ணை நோட்டில் எழுதிவைப்பதும் தகாது. இரகசிய எண்ணை அவரே அழுத்த வேண்டும். மற்றொன்றையும் நினைவில் கொள்க: பணம் பெறுவதற்கு நாம் இரகசிய எண்ணை அழுத்த வேண்டியதே இல்லை. அழுத்தச் சொல்பவர் ஏமாற்றுக்காரர். ஏமாந்தால் சிறிதும் தாமதியாமல் 1930 என்ற எண்ணிற்குத் தெரிவிக்க வேண்டும்.

கார்டில் பணம் வந்த பின்னும், "வேலை சரியில்லை" என்று கார்டு வைத்திருப்பவர் தம் வங்கியில் முறையிட உரிமை உண்டு. அப்போது நம் வங்கி நம்மிடம் சான்று கேட்கும். கையெழுத்திட்ட எஸ்டிமேட், அஸ்திவாரம், தளம், பூச்சு என ஒவ்வொரு கட்டமும் முடிந்ததற்கான வீட்டுக்காரரின் ஒப்பம், பில்லின் நகல், படங்கள் ஆகியவை இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. இவை இல்லாவிடில் செய்த வேலைக்கு வந்த பணமும் திரும்பிப் போகலாம்.

வங்கிக் கணக்கு என்னும் சாட்சி

இனி நன்மைகளைக் காண்போம். 2017 ஏப்ரல் 1 முதல், ஒருவரிடமிருந்து ஒரே நாளிலோ ஒரே கொடுக்கல் வாங்கலுக்காகவோ இரண்டு லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகப் பெறுவதற்கு வருமான வரிச் சட்டம் தடை விதித்துள்ளது. மீறினால் பெற்ற தொகைக்குச் சமமான அபராதம் பெற்றவருக்கே உரியது. ஒரு வீட்டு வேலையை ஐந்து லட்சத்திற்கு ஒப்புக்கொண்டு முழுவதையும் ரொக்கமாக வாங்குவோர் இதை அறிந்திருத்தல் அவசியம்.

அச்சட்டமே ஒரு சலுகையும் தருகிறது. ஆண்டிற்கு இரண்டு கோடி ரூபாய் வரை வரவுள்ள சிறு தொழிலர், விரிவான கணக்குப் புத்தகங்களுக்குப் பதிலாக, ரொக்க வரவில் 8 சதவிகிதத்தையும் வங்கி வழி வந்த வரவில் 6 சதவிகிதத்தையும் வருமானமாகக் காட்டலாம். 40 லட்சம் ரூபாய் வரவுள்ளவர்க்கு முழுவதும் ரொக்கமாயின் வருமானம் 3,20,000 ரூபாய். முழுவதும் வங்கி வழியாயின் 2,40,000 ரூபாய்.

இவற்றினும் பெரிய நன்மை ஒன்றுண்டு. முத்ரா போன்ற தொழிற்கடனுக்கு வங்கியை அணுகும்போது, "உமது தொழில் வரவு எவ்வளவு?" என்று கேட்பர். பதினைந்து ஆண்டு உழைத்தவராயினும் ரொக்கமாகவே வாங்கியவரிடம் அதற்குச் சான்று இராது. வங்கி வழி வரவுள்ளவர் தம் கணக்கு ஏட்டை நீட்டினால் போதும். சான்றுள்ளவர் வங்கி வட்டியைக் கேட்டுப் பெற வழியுண்டு. சான்றில்லாதவருக்கு மூன்று வட்டியே கதி. முன் கூறிய 24 நாளுக்கும் 71 நாளுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

ஆகவே ஏட்டில் ஆறு கட்டங்கள் வரைந்துகொள்க. தேதி, வீட்டுக்காரர் பெயர், பில் தொகை, பணம் வந்த வழி, கழிந்த கட்டணம், கணக்கில் சேர்ந்த நாள் என்பன அவை. மாத இறுதியில் கட்டணத்தைத் தனியே கூட்டிப் பார்க்க வேண்டும். வாங்கிய கடனுக்குக் கொடுத்த வட்டியையும் அதன் அருகிலேயே எழுத வேண்டும். எந்தக் கசிவு பெரியது என்பது அப்போது தானே விளங்கும்.

பயிற்சி

மேச்சேரியில் ஒரு சுற்றுச்சுவர் வேலையில் 30,000 ரூபாய் பாக்கி. கிரெடிட் கார்டுக் கட்டணம் இரண்டு சதவிகிதம்; அதன்மேல் ஜி.எஸ்.டி. 18 சதவிகிதம். நம் கடனுக்கு இரண்டு வட்டி. வீட்டுக்காரர் 20 நாளில் யுபிஐ வழியாகத் தருவார் என்றால் எது நன்று? 60 நாள் ஆகும் என்றால் எது நன்று?

விடை: கட்டணம் 708 ரூபாய். 20 நாள் வட்டி 400 ரூபாய், காத்திருப்பது நன்று. 60 நாள் வட்டி 1,200 ரூபாய். கார்டில் பெறுவது நன்று.

இக்கணக்கைப் போட ஐந்து நிமிடம் போதும். "கார்டு வாங்கிக்கொள்வீர்களா?" என்று அடுத்த முறை ஒருவர் கேட்டால், அஞ்சவும் வேண்டாம், விரையவும் வேண்டாம். ஏட்டைத் திறந்து இக்கணக்கைப் போட்டுப் பார்த்து விடை சொல்வோமாக.